அம்மாவின் வாழ்க்கையை எழுதி வைக்கணும்: எதை முதலில் எடுப்பது?

ஜூன் 3, இரவு 10.15 · தொடங்கியவர்

அம்மா கேன்சர்ல போய் ரெண்டு மாசம் ஆகுது. 67 வயசு. அவங்க வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமா எழுதி வைக்கலாம்னு உக்காந்தா ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணுல நிக்குது. அதுக்கு முன்னாடி இருந்த 65 வருஷம் வர மாட்டேங்குது. எங்கேருந்து தொடங்குறது? எழுத்தா, போட்டோவா?

ஜூன் 3, இரவு 11.50 · ஒலிநாடா

எழுத்து கடைசி. எது சீக்கிரம் அழியுமோ அதை முதல்ல எடுங்க. குரல், போன், அம்மாவைச் சின்னப் பொண்ணா பார்த்த பெரியவங்க, போட்டோ, காகிதம். இந்த வரிசையில போங்க.

அம்மா போனை யாருக்கும் கொடுத்துடாதீங்க, உள்ள இருக்கிறதை அழிக்காதீங்க. சார்ஜ் போட்டு வைங்க. நம்பரை இப்ப ரத்து பண்ண வேண்டாம். பேங்க், மெயில், போட்டோ கணக்கு எல்லாத்துக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். ரத்தான நம்பர் கொஞ்ச காலத்துல வேற ஆளுக்குப் போயிடும். வாட்ஸப் கணக்கு 120 நாள் இணையத்தோட சேராம கிடந்தா பொதுவா நீக்கிடுவாங்க. உங்களுக்கு அதுல பாதி போயிடுச்சு. இன்னிக்கே போனை எடுத்து வைஃபைல போட்டு வாட்ஸப்பைத் திறந்து வைங்க.

குரல் உங்க போன்லயும் இருக்கு, அதை மறந்துடாதீங்க. அம்மா உங்களுக்கு அனுப்பின குரல் பதிவு உங்க கையில, தங்கச்சிக்கு அனுப்பினது தங்கச்சி கையில. எல்லாருக்கும் ஒரு வரி அனுப்புங்க: "அம்மா அனுப்பின எதையும் அழிக்க வேண்டாம்." இடம் பத்தலைன்னு போனைச் சுத்தம் பண்றப்பதான் இந்தக் குரல்கள் போகுது.

ஜூன் 4, காலை 6.30 · ஒலிநாடா

ஆண்ட்ராய்டு போன்ல குரல் பதிவுகள் வாட்ஸப்போட மீடியா ஃபோல்டருக்குள்ள "வாய்ஸ் நோட்ஸ்"னு தனியா இருக்கும். அதுக்குள்ள வருஷமும் வார எண்ணும் சேர்ந்த ஆறு இலக்கப் பெயர்ல ஃபோல்டர்கள்: 202315னா 2023ல பதினைந்தாவது வாரம். ஒவ்வொரு பதிவோட பெயர்லயும் தேதி இருக்கும், அந்தப் பெயரை மாத்தாதீங்க. ஃபோல்டரை அப்படியே கேபிள் போட்டுக் கம்ப்யூட்டருக்கு எடுங்க. எல்லாம் ஓபஸ்ங்கிற ஒலிக்கோப்பு வடிவத்துல இருக்கும். எம்பி3யா மாத்தினா தரம் இன்னும் ஒரு படி இறங்கும், மூலத்தையும் வைங்க.

வீட்டு வீடியோக்களையும் ஒண்ணு விடாம ஓட விடுங்க. திரையில குழந்தை தவழும், பின்னாடி அம்மா யாரையோ கூப்பிடுவாங்க. கேமராவுக்காகப் பேசாத அந்தக் குரல்தான் வீட்டுல தினமும் கேட்ட குரல். ஐபோன்ல லைவ் போட்டோவா எடுத்த படத்துல மூணு விநாடி ஒலியும் சேர்ந்திருக்கும். படத்தை அழுத்திப் பிடிச்சா கேட்கும். சாதாரணப் படமா மாத்தி அனுப்பினா அது போயிடும்.

ஜூன் 4, மதியம் 1.05 · தொடங்கியவர்

போன் உயிரோட இருக்கு. வைஃபைல போட்டுட்டேன். வாட்ஸப் அரட்டையை அப்படியே ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) பண்ணினா போதாதா?

ஜூன் 4, மதியம் 2.20 · ஒலிநாடா

போதாது. மீடியாவோட சேர்த்து எடுத்தா கடைசிப் பத்தாயிரம் செய்திகள் வரைதான் வரும். பழசுதான் விட்டுப்போகும், உங்களுக்கு வேண்டியதே பழசுதான். ஃபோல்டர் நகல், அரட்டை ஏற்றுமதி, ரெண்டையும் பண்ணுங்க. யார் எப்ப என்ன சொன்னாங்கன்னு தெரிய ஏற்றுமதி உதவும். அதுல எழுத்து தேதியோட வரும். ஐபோன்ல அந்த மாதிரி ஃபோல்டர் கைக்கு வராது, அங்க ஏற்றுமதிதான் வழி. பத்தாயிரத்துக்கு முந்தின பதிவுகளை அரட்டையில மேல போய் ஒவ்வொண்ணா சேமிக்கணும்.

கூகுள் கணக்கு ரெண்டு வருஷம் யாரும் தொடாம இருந்தா நீக்கும் விதி இருக்கு. அதுக்குள்ள போட்டோக்களை இறக்கிடுங்க.

ஜூன் 4, இரவு 9.40 · ஒலிநாடா

ஆஸ்பத்திரி மட்டும் கண்ணுல நிக்குதுன்னு சொன்னீங்க. கடைசியா பார்த்த முகம் முந்தின முகங்களை மூடிக்கும். பெரும்பாலானவங்களுக்கு மாசங்கள் போகப் போக அது விலகும். விலகட்டும்னு காத்திருக்காம ஒரு அட்டவணை போடுங்க. அஞ்சு பத்தி: வருஷம், இடம், என்ன நடந்தது, யார் சொன்னது, எவ்வளவு உறுதி. அம்மா பிறந்த வருஷத்துலேருந்து ஒரு வருஷத்துக்கு ஒரு வரி. 67 வரியில முதல் நாள் பத்துதான் நிரம்பும். வெறுமையா கிடக்கிற வரிதான் யார்கிட்ட என்ன கேட்கணும்னு காட்டும்.

நோய் ரெண்டு வருஷம்னா 67ல ரெண்டு வரி. நாற்பது பக்கப் புத்தகம்னா நோய்க்கு ஒரு பக்கம். அதுக்கு மேல கொடுக்காதீங்க.

ஜூன் 5, காலை 7.10 · ஆய்வுமேசை

புத்தகத்துல ஒரு பக்கம், சரி. ஆனா நோயோட விவரம் வீட்டுல முழுசா இருக்கணும். படிக்கிறதுக்கு இல்லை, பிள்ளைகளோட உடம்புக்கு.

"கல்லீரல்ல கேன்சர்", "எலும்புல கேன்சர்"னு வீட்டுல சொல்லுவாங்க. பல நேரம் அது பரவின இடம். மார்பகத்துல தொடங்கிக் கல்லீரலுக்குப் போனது மார்பகப் புற்றுநோய்தான். குடும்ப வரலாறு கேட்கிற டாக்டர்கிட்ட மகள் "அம்மாவுக்குக் கல்லீரல்"னு சொல்லிட்டா அவங்களுக்குச் செய்ய வேண்டிய பரிசோதனையே வேற திசையில போயிடும். எங்கே தொடங்கினது, அதுதான் முதல் வரி.

எடுத்து வைக்க வேண்டியது: பயாப்சி அறிக்கை, ஆபரேஷன் நடந்திருந்தா அதுக்கப்புறம் வந்த திசு அறிக்கை, நோய் கண்டுபிடிச்சப்ப அம்மாவோட வயசு, நோயோட நிலை (ஸ்டேஜ்), மார்பகம்னா ஈஆர், பிஆர், ஹெர்2 முடிவுகள் (கட்டிக்கு எந்த மருந்து பிடிக்கும்னு காட்டுற சோதனைகள்), மரபணுப் பரிசோதனை நடந்ததா, நடந்தா ரத்தத்துலயா கட்டித் திசுவிலயா. கட்டியில மட்டும் பார்த்த மாற்றம் பரம்பரையா வந்ததுன்னு அர்த்தம் ஆகாது, ரத்தத்துல உறுதி பண்ணணும்.

ஜூன் 5, காலை 7.45 · ஆய்வுமேசை

தொடர்ச்சி. புற்றுநோய்ல பரம்பரைக் காரணம் உள்ளது சுமார் 5 முதல் 10 சதவீதம். அதனால பயந்து ஓட வேண்டாம். ஆனா சில சேதிகளை விட்டுடக் கூடாது. அம்மாவுக்கு வந்தது சூலகப் புற்றுநோய்னா எந்த வயசுல வந்திருந்தாலும் மரபணு ஆலோசனை கேட்கலாம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2ன்னு ரெண்டு மரபணு இருக்கு, அது பழுதானா மார்பக, சூலகப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடும். அம்மாவுக்கு அதுல பழுது இருந்தா அந்தப் பழுது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனுக்கும் அதே அளவு. "பொம்பளை நோய்தானே"ன்னு மகன்கள் ஒதுங்கிடறாங்க. மகன்கிட்டேருந்து பேத்திக்குப் போகும்.

குடல் அல்லது கருப்பை உள்வரிப் புற்றுநோய் அம்பது வயசுக்கு முன்னாடி வந்திருந்தா லிஞ்ச் குறைபாடு (இந்தப் புற்றுநோய்கள் வர்ற வாய்ப்பைக் கூட்டுற பரம்பரை மரபணுக் கோளாறு) இருக்கான்னு கேளுங்க. கருப்பை வாய்ப் புற்றுநோய் கதை வேற. கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி வைரஸால வருது. பிஆர்சிஏ மாதிரி ஒரு மரபணு வழியா பிள்ளைக்குப் போறது இல்லை. மகளுக்குத் தடுப்பூசியும் வழக்கமான பரிசோதனையும் போதும்.

அறிக்கை தொலைஞ்சிருந்தாலும் திசுவை மெழுகுக் கட்டியில பதிச்சு ஆய்வகத்துல பல வருஷம் வச்சிருப்பாங்க. பயாப்சி எண் இருந்தா எழுதிக் கேட்கலாம். எத்தனை வருஷம்ங்கிறது இடத்துக்கு இடம் மாறும், தள்ளிப் போடாதீங்க.

ஜூன் 5, காலை 9.00 · ஒலிநாடா

நேத்து "அதுக்கு மேல கொடுக்காதீங்க"ன்னு எழுதினதைத் திருத்திக்கிறேன். நினைவுப் புத்தகம் தனி, நோய்க் கோப்பு தனி. ரெண்டையும் கலக்காதீங்க, ரெண்டாவதைத் தூக்கியும் போடாதீங்க. துக்கத்துல ஃபைலைப் பார்க்கவே முடியாம கட்டிக் குப்பையில போடுற வீடு நிறைய இருக்கு. பார்க்க முடியலைன்னா ஒரு பையில போட்டு மேல தேதி எழுதிப் பரண்ல வைங்க.

ஃபைல்ல ஒரு சிக்கல். ஈசிஜி, அல்ட்ராசவுண்ட் படம், சில ரசீது எல்லாம் வெப்பக் காகிதம். வெளுத்துப் போயிடும். லேமினேட் பண்ணினா சூட்டுல மொத்தமா கறுத்துடும். பிளாஸ்டிக் உறையில போட்டா இன்னும் சீக்கிரம் மங்கும். முதல்ல அதையெல்லாம் ஸ்கேன் பண்ணுங்க. சிடியில கொடுத்த ஸ்கேன் படங்களை முழு ஃபோல்டரா நகல் எடுங்க, ஒரு படத்தை மட்டும் இழுத்து எடுத்தா எந்தப் பரிசோதனையோடதுன்னு தெரியாம போயிடும்.

ஜூன் 6, இரவு 8.30 · தொடங்கியவர்

பரண்ல ஒரு கேசட் கிடைச்சது. அம்மா பாடினதுன்னு அப்பா சொல்றார். போட்டுப் பார்க்கலாமா?

ஜூன் 6, இரவு 8.42 · ஒலிநாடா

இன்னும் போடாதீங்க! முதல்ல கண்ணால பாருங்க.

நாடாச் சுருள் மேல வெள்ளைப் பொடி மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. ஓட்டினா டெக்குல (கேசட் ஓட்டுற கருவி) நாடாவைப் படிக்கிற ஹெட்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைத் தெரிஞ்சவங்க கையில கொடுங்க. பொடி இல்லைன்னா, நாடா வெளிய தெரியுற அகலமான வாய்க்கு நடுவுல பாருங்க. சின்ன உலோகப் பட்டையில ஒரு துண்டுக் கம்பளித் திண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோட அழுத்துறது அதுதான். பழைய கேசட்ல பசை காய்ஞ்சு விழுந்திருக்கும். அது இல்லாம போட்டா ஒலி மங்கி மங்கி வரும், "நாடா கெட்டுப்போச்சு"ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. கெட்டது திண்டு மட்டும். திருகாணி போட்ட வேற நல்ல கேசட் கூட்டுல நாடாவை மாத்திடலாம்.

அந்த வாய்க்கு எதிர் விளிம்புல ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும், ரெண்டையும் உடைச்சிடுங்க. அப்புறம் யார் கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதியாது. பென்சிலை விட்டு மெதுவா சுத்திப் பாருங்க, இறுகியிருந்தா விடுங்க. நாடா அறுந்திருந்தா சாதாரண செல்லோடேப் ஒட்டாதீங்க. அதோட பசை கசிஞ்சு அடுத்த சுற்றுல ஒட்டும். நாடா ஒட்டுறதுக்குன்னே தனி டேப் இருக்கு.

டெக் நல்லதா இருக்கணும். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால துடைங்க, காயட்டும். முதல்ல உபயோகம் இல்லாத கேசட் ஒண்ணைப் போட்டு மெல்லுதான்னு பாருங்க. அப்புறம்தான் அம்மாவோடது.

ஜூன் 7, காலை 6.15 · ஒலிநாடா

பதிவு பண்றது: டெக்கோட லைன் அவுட்லேருந்து கம்ப்யூட்டர் லைன் இன்னுக்குக் கம்பி. ஸ்பீக்கர் முன்னாடி போனைப் பிடிக்காதீங்க. வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பதிவாகுற ஒலி அளவோட உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாம வைங்க. குரல் போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்தா ஹெட் பக்கத்துல இருக்கிற சின்னத் திருகாணியை மிக மெதுவா, கால் சுற்று அளவுல திருப்பிப் பாருங்க. "ச", "ஸ" ஒலி தெளியுற இடத்துல நிறுத்துங்க.

ஒரு பக்கத்தை முழுசா, நிறுத்தாம எடுங்க. பாட்டு முடிஞ்சதும் நிறுத்துறவங்க ஒண்ணை இழக்குறாங்க. பாட்டுக்கு நடுவுல "ஓடுதா? சிவப்பு எரியுதா?"ன்னு ஒரு குரல் கேட்கும், யாரோ சிரிப்பாங்க, பாத்திரம் ஒண்ணு உருளும். அம்மாவோட அந்தக் காலத்துப் பேச்சு வேற எங்கயும் இருக்காது. இரைச்சல் நீக்குறதை நகல்ல மட்டும் பண்ணுங்க. இரைச்சலோட சேர்த்து மூச்சையும் அது தின்னுடும்.

ஜூன் 8, மாலை 5.30 · பின்வரிசை

எங்கம்மா இன்னும் இருக்காங்க. கீமோ ஓடுது. இதையெல்லாம் படிச்சதும் நெஞ்சு அடைக்குது. இப்பவே குரலைப் பதியலாமா, இல்ல அது அவங்களைப் பயமுறுத்துமா?

ஜூன் 8, மாலை 6.50 · ஒலிநாடா

பதியுங்க. "ஞாபகத்துக்கு"ன்னு சொல்லாம "இந்தப் போட்டோவுல இருக்கிறது யாரும்மா"ன்னு தொடங்குங்க. கையில ஒரு பழைய போட்டோ இருந்தா பேச்சு தானா வரும். பதியுறேன்னு சொல்லிட்டுப் பதியுங்க, ஒளிச்சு வைக்காதீங்க. யார் யார் கேட்கலாம்னும் அவங்களையே கேளுங்க.

ஃபேனை நிறுத்துங்க. போனை மேசை மேல நேரா வைக்காம மடிச்ச துண்டு மேல, வாயிலேருந்து ஒரு சாண் தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க. அழைப்பு வராம போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க. முதல் அரை நிமிஷம் பதிஞ்சு கேட்டுப் பாருங்க. இருபது நிமிஷம் போதும், ஒரு தடவைக்கு ஒரு விஷயம். பதில் முடிஞ்ச மாதிரி இருந்தா உடனே அடுத்த கேள்வி வேண்டாம், மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. பெரும்பாலும் அந்த அஞ்சுக்குள்ளதான் அடுத்தது வரும்.

பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், செல்லப் பெயர் எல்லாம். பின்னாடி எல்லாரும் முதல்ல தேடுறது அதைத்தான்.

ஜூன் 8, இரவு 7.30 · ஆய்வுமேசை

நேரம் பத்தி. மூணு வாரத்துக்கு ஒரு தடவை கீமோன்னா முதல் ரெண்டு நாள் ஸ்டீராய்டு மருந்தால சிலர் சுறுசுறுப்பா இருப்பாங்க, தூக்கம் வராது. மூணாம் நாள்லேருந்து உடம்பு விழும். ஏழுலேருந்து பதினாலு நாளுக்குள்ள ரத்தத்துல வெள்ளணு குறையும், தொற்று சுலபமா வரும், அப்ப ஆள் கூட்டம் சேர்க்காதீங்க. மூணாவது வாரம்தான் பலருக்கும் தெளிவான வாரம். வாய்ப்புண் இருந்தா பேசவே எரியும், தள்ளி வைங்க. வலி மருந்து கொடுத்து வலி அடங்கின நேரத்துல கேளுங்க, அடுத்த வேளை மருந்து நெருங்குறப்ப கேட்காதீங்க. ஆக்சிஜன் இயந்திரம் சத்தம் போட்டா நீளக் குழாய் போட்டுப் பக்கத்து அறையில வைக்க முடியுமான்னு நர்ஸ்கிட்ட கேளுங்க. அதை நிறுத்திட்டுப் பதியாதீங்க.

இன்னொண்ணு. கடைசி நாட்கள்ல பேச்சு குழம்பலாம். ரத்தத்துல கால்சியம் ஏறினாலும், கல்லீரலோ சிறுநீரகமோ தளர்ந்தாலும், தொற்றாலயும், வலி மருந்தாலயும் சித்தம் கலங்கும். பிள்ளையை அடையாளம் தெரியாம "யார் நீ, போ"ன்னு சொல்லலாம். அது நோயோட பேச்சு. அதை அம்மா சொன்னதா அட்டவணையில ஏத்தாதீங்க. அந்த ஒரு வார்த்தையை இருபது வருஷம் சுமக்கிற பிள்ளைகள் இருக்காங்க.

ஜூன் 10, காலை 6.40 · ஒலிநாடா

போட்டோ. சாதாரண அளவுப் படத்தை ஸ்கேன் பண்ண 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுக்கு 1200. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்துலயே ஸ்கேன் பண்ணுங்க. பின்பக்கத்தையும் எடுங்க, ஸ்டுடியோ முத்திரை, பென்சில் எண், கையெழுத்து எல்லாம் அங்கதான் இருக்கும். சில பழைய வண்ணப் படத்துல வெள்ளை ஓரத்துல மாசமும் வருஷமும் அச்சடிச்சிருக்கும். அது கழுவின தேதி, எடுத்த தேதி கொஞ்சம் முன்னாடி இருக்கலாம். கேமரா பதிச்ச ஆரஞ்சு நிறத் தேதியை நம்பாதீங்க, பேட்டரி மாத்தினப்ப யாரும் தேதியைச் சரி பண்ணியிருக்க மாட்டாங்க.

ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிப்போன படத்தை உரிக்காதீங்க, முகம் கண்ணாடியில தங்கிடும். கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணுங்க. பசைத்தாள் ஆல்பத்துல ஒட்டினதுக்குப் பல் இடுக்கு நூலை மூலையில விட்டு மெதுவா அறுக்கலாம். வரலைன்னா பக்கத்தோடவே எடுங்க. பின்னாடி பெயர் எழுத மென்மையான பென்சில், பால்பாயிண்ட் முன்பக்கம் வரைக்கும் தடம் விழும்.

ஜூன் 12, இரவு 10.05 · தொடங்கியவர்

அட்டவணையில 31 வரி நிரம்பிடுச்சு. பெரியம்மாகிட்ட பேசினேன், "உங்கம்மா தங்கம்"னு சொல்லிட்டு அழுதுட்டாங்க. வேற ஒண்ணும் கிடைக்கலை. எழுத உக்காந்தா எனக்கும் "தியாகத்தின் திருவுருவம்"னுதான் வருது.

ஜூன் 12, இரவு 11.20 · ஒலிநாடா

"அம்மா எப்படி"ன்னு கேட்டா தங்கம்னுதான் வரும். கேள்வியை மாத்துங்க. சின்ன வயசுல எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவாங்க? பள்ளிக்கூடம் போற வழியில யார் கூட? கோபம் வந்தா பேசுவாங்களா, பேச மாட்டாங்களா? எந்த வார்த்தையைத் தப்பா உச்சரிப்பாங்க? எதுக்குப் பயம்? காசை எங்க ஒளிச்சு வைப்பாங்க? ரெண்டு பெரியவங்க ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதுங்க, சமரசம் பண்ணாதீங்க. சேர்ந்து வேலை பார்த்தவங்க, பழைய பக்கத்து வீட்டுக்காரங்க, இவங்களை விட்டுடாதீங்க. பிள்ளைகளுக்குத் தெரியாத அம்மா அவங்ககிட்ட இருப்பாங்க.

"தியாகத்தின் திருவுருவம்"னு வந்தா அழிக்காதீங்க, அதுக்குக் கீழ "எப்ப?"ன்னு எழுதுங்க. எந்த நாள், எதை விட்டுக்கொடுத்தாங்க, அதை யார் பார்த்தாங்க. பதில் கிடைச்சதும் மேல இருக்கிற சொல்லை எடுத்துடுங்க. "தன்னலமற்றவர்"ங்கிற சொல் எல்லா அம்மாவுக்கும் பொருந்தும். சாவியை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டே வீடு முழுக்கத் தேடுற பழக்கம் உங்கம்மாவுக்கு இருந்தா அது அவங்க மட்டும்தான்.

"புற்றுநோயோடு போராடித் தோற்றார்"னு எழுத வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன். மருந்துக்கு நோய் அடங்கலை. தோற்றது மருந்து.

ஜூன் 13, காலை 5.50 · ஒலிநாடா

கையெழுத்து பத்திச் சொல்ல விட்டுட்டேன். கணக்கு நோட்டு, காலண்டர் தாள்ல எழுதின குறிப்பு, போன் நம்பர் டைரி எல்லாம் 600 டிபிஐ, வண்ணத்துல. கறுப்பு வெள்ளையில எடுத்தா பேனா அழுத்தமும் அடிச்சுத் திருத்தினதும் தெரியாது. பழைய நோட்டுல இரும்புக் கிளிப் இருந்தா கழட்டுங்க, துரு தாளைத் தின்னும்.

நோய்க்கால போட்டோ வேண்டாம்னு பலர் சொல்றாங்க. ஒண்ணு ரெண்டு வைங்க. சின்னப் பேரப்பிள்ளைக்குத் தலையில துணி கட்டின பாட்டியை மட்டும்தான் தெரியும். புத்தகத்துல அந்தப் பாட்டி இல்லைன்னா அது யாரோ ஒருத்தரோட புத்தகம் மாதிரி இருக்கும்.

ஜூன் 15, இரவு 9.15 · தொடங்கியவர்

குரல் பதிவு 212 இருக்கு. ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, தங்கச்சி வீட்டுல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு. எல்லாம் சரியா வந்திருக்கான்னு பார்க்கணும்னா கேட்கணுமே. என்னால ஒண்ணைக்கூடத் திறக்க முடியலை.

ஜூன் 15, இரவு 9.40 · ஒலிநாடா

திறக்க வேண்டாம். கேட்காமலே சரிபார்க்கலாம். மூல ஃபோல்டரையும் நகலையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. எண்ணிக்கை 212தானா, மொத்த பைட் அளவு ஒண்ணுதானா பாருங்க. பூஜ்ய அளவுல ஏதாவது கோப்பு இருந்தா அதை மட்டும் திரும்ப நகலெடுங்க. இன்னும் உறுதி வேணும்னா ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ள இருக்கிறதை வச்சுக் கணக்குப் போட்ட அடையாள எண்) எடுத்து ஒப்பிடுற இலவச மென்பொருள் இருக்கு, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் காட்டிடும். ஒலி அலையைப் பார்க்கணும்னா எடிட்டிங் மென்பொருள்ல ஸ்பீக்கரை அணைச்சிட்டுத் திறங்க. மேடும் பள்ளமுமா இருந்தா பேச்சு இருக்கு, நேர்கோடா இருந்தா இல்லை.

பென் டிரைவை மட்டும் நம்பி வைக்காதீங்க, மின்சாரம் படாம வருஷக்கணக்குல கிடந்தா உள்ள இருக்கிறது கசிஞ்சு போகலாம். வருஷத்துக்கு ஒரு தடவை இதே எண்ணிக்கையைச் சரிபாருங்க. எப்ப கேட்கிறதுங்கிறது உங்க இஷ்டம். அடுத்த வருஷமா இருக்கலாம், பத்து வருஷம் கழிச்சா இருக்கலாம், உங்களுக்கு முன்னாடி தங்கச்சி கேட்கலாம்.